சர்க்கரைக்கு முன்னால் அரை மணி நேரம்

அன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். எங்கள் பக்கம் வீராசாமியாகிய நான், என் மனைவி கங்கையம்மாள், மகன் மணிவண்ணன், மகள் சுகாசினி. கூரத்திலிருந்து வந்தவர்கள் மாப்பிள்ளை ஆனந்தராஜ், அவர் அப்பா பழனி, அம்மா ரேவதி, பழனியின் அத்தை செல்லியம்மாள். வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் எழுந்தே இருக்க மாட்டார்கள்.

சுகாசினியும் ஆனந்தராஜும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். தாங்களே பேசி முடிவு செய்துகொண்டார்கள். பழனி வீட்டார் நிலம் உள்ளவர்கள். என் அப்பா அப்படிப்பட்டவர்களின் நிலத்தில் கூலி வேலை செய்தவர். தாகம் என்றால் குனிந்து இரண்டு கையையும் குவித்து நிற்க வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள். சாகும்வரை அவர் முதுகு நிமிரவில்லை. நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவன். கம்பம் ஏறிய உடம்பு இது. யார் எதிரிலும் வளைந்ததில்லை.

அந்த முதுகுக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது. மூச்சிழுப்புக்காகப் பல காலம் தின்ற மருந்து எலும்பை அரித்துவிட்டது. வாசற்படியில் தடுக்கி விழுந்தேன், மணிக்கட்டு முறிந்தது. இனி முதுகெலும்பும் நொறுங்கிக் கூன் விழலாம் என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில், பெரிய டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் நிற்கலாம், உட்காரலாம், படுக்கக் கூடாது. தண்ணீர் தவிர எதுவும் வாயில் போடக் கூடாது. படுத்தால் மாத்திரை மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். எதையாவது தின்றால் மருந்து உடம்பில் சேராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒன்பது மணிக்குப் பூ வைக்க வருவதாக ஏற்பாடு. ஜோசியர் நல்ல நேரத்தை விடியலுக்கே மாற்றிவிட்டாராம். நான் மாத்திரையை விழுங்கி டம்ளரைக் கீழே வைக்கிறேன், வாசலில் கார் வந்து நிற்கிறது.

கங்கையம்மாள் என் காதோரம் வந்தாள். "ஏங்க, மாத்திரை பேச்சே எடுக்காதீங்க. எலும்பு நோவு இருக்கிற வம்சம்னு பொண்ணத் தள்ளிடுவாங்க."

பூத்தட்டும் சர்க்கரைத் தட்டும் உள்ளே வந்தன. பெண் வீட்டுப் பெரியவர் முதலில் சர்க்கரையை வாயில் போட்ட பிறகுதான் வந்தவர்கள் உட்காருவது வழக்கம். செல்லியம்மாளுக்கு எண்பது வயதிருக்கும். கூனி, தரையைப் பார்த்தபடி நடந்து வந்தார். ஒரு சிட்டிகை சர்க்கரையை எடுத்து நீட்டினார்.

"இந்தாபா, வாயில போடு."

"கொஞ்ச நேரம் ஆவட்டும்மா," என்றேன்.

நீட்டிய கை அப்படியே இருந்தது.

"ஏன், எங்க வீட்டுச் சர்க்கர இனிக்காதா?"

"சம்பந்தி சுகர் பார்க்கிறாரு போலிருக்குது," என்று ரேவதி சமாளித்தார்.

"சுகர் இல்ல."

"அப்புறம் இன்னா?" என்றார் பழனி. குரல் கனத்திருந்தது. "அந்தக் காலத்துல உங்கப்பா எங்கூர்ல வேல செஞ்சவரு. அதை மனசுல வச்சிக்கினு பண்றீங்களா?"

சுகாசினி என்னைப் பார்த்தாள். மூன்று வருஷமாக இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவள். பேசாமல் ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ஒரு வாரத்து மாத்திரை வீண், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் நீட்டியதை மறுக்க எங்களுக்கு வாய் கிடையாது என்று ஆகிவிடும். மறைப்பதும் குனிவதுதான். கங்கையம்மாள் கண்ணைக் காட்டியும் நான் சொல்லிவிட்டேன்.

"எனக்கு எலும்பு தேயற நோய். இப்பதான் மாத்திர போட்டேன். அரை மணி நேரம் எதுவும் திங்கக் கூடாது. நல்ல நேரம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. உக்காருங்க. நேரம் ஆனதும் சாப்புடறேன்."

"அது பொம்பளைங்களுக்கு வர்ற நோவாச்சே," என்றார் செல்லியம்மாள்.

"எனக்கு வந்திருக்குது. என் பொண்ணுக்கு இல்ல. என் இழுப்பு மருந்தால வந்தது."

"சர்க்கர போடாம நாங்க உக்கார மாட்டோம்."

"அப்ப நானும் நிக்கிறேன். எனக்கு நல்லதுதான், படுக்கத்தான் கூடாது."

மணிவண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான். எட்டுப் பேரும் நின்றோம். மின்விசிறி சுற்றியது. செல்லியம்மாள் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "வாரத்துக்கு ஒண்ணா?"

"ஆமா."

"எனக்கும் குடுத்தாங்க. காபியோட முழுங்கிட்டு மறுபடி படுத்துக்குவேன். நெஞ்செல்லாம் எரிஞ்சுது. தூக்கிப் போட்டுட்டேன்."

"காபி ஆவாது. படுக்கவும் கூடாது. ஆனா எரிஞ்சுதுன்னா திரும்ப நீங்களா போடாதீங்க. டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க."

அவர் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தார். "தண்ணியாவது குடிக்கலாமா நீ?"

"பச்சத் தண்ணி குடிக்கலாம்."

"எங்க பாட்டில் கார்ல இருக்குது. எடுத்தாரச் சொல்றேன்."

"வேணாம்மா. இது என் வீடு. என் வீட்டுத் தண்ணி முதல்ல நீங்க குடிங்க. அதே சொம்புல நான் குடிக்கிறேன். அத என் மாத்திர தடுக்காது."

பழனி ஏதோ சொல்ல வந்தார். ஆனந்தராஜ், "அப்பா, சும்மா இருங்க," என்றார். சுகாசினி உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

செல்லியம்மாள் சொம்பை வாங்கினார். தூக்கிக் குடிக்கப் பார்த்தார். கூன் விழுந்த முதுகு தலையை நிமிர்த்த விடவில்லை. இரண்டு முறை முயன்றார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவர் என்னை ஒரு தரம் பக்கவாட்டில் பார்த்தார். பிறகு விளிம்பில் உதட்டை வைத்துக் குடித்தார். தாகத்தோடு குடித்தார்.

சொம்பு என் கைக்கு வந்தது. என் கழுத்து நன்றாகவே நிமிரும். நான் தூக்கிக் குடித்திருக்கலாம். தூக்கவில்லை.

"இப்ப உக்காருவோமா?" என்றேன்.

"உக்காருவோம்பா," என்று செல்லியம்மாள் முதலில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நேரம் ஆனதும் அவரே எழுந்து வந்து என் வாயில் சர்க்கரை போட்டார். ரேவதி என் மகள் தலையில் பூ வைத்தார். நல்ல நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

கூரத்தில் ஒரு பேச்சு நடக்கிறதாம். எங்கள் வீட்டுத் தண்ணீரைச் செல்லியம்மாள் வாய் படாமல் தூக்கித்தான் குடித்தார் என்று. பொய். வாய் வைத்துத்தான் குடித்தார். அதே சொம்பில் நானும் வாய் வைத்துத்தான் குடித்தேன்.