மண்டபம் நிறைந்துவிட்டது

என் அண்ணன் அருளானந்தனுக்கு என் புருஷன்மேல் பாசம் வந்தது, அவர் செத்து நாலு வருடம் கழித்து. அதுவும் அவருடைய படம் பெரிதாகச் சுவரில் ஏறப்போகிறது என்று தெரிந்த பிறகு. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்.

ஒஸ்லோவின் குறொன்லாண்டில் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென்று ஒரு காட்சியகம் திறக்கப்போகிறார்கள். என் மகள் றெபேக்காவுக்கு அங்கேதான் வேலை. உள்ளே நுழைந்ததும் எதிரே ஒரு சுவர். அதில் மூன்று பேரின் படங்கள் மட்டும், ஆளுயரத்தில். மற்றவர்கள் எல்லாரும் உள்ளறைகளில் சின்னதாக. யாரைப் போடுவது என்று ஒரு குழு மாதக்கணக்காக அடிபட்டு, ஒரு மருத்துவரையும் ஓர் ஓட்டக்காரியையும் முடிவு செய்திருந்தது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு ஒரு கால்பந்து வீரரும் என் எமானுவேலும்.

எமானுவேல் கானாக்காரர். தேவாலயப் பாடகர் குழுவில் பழக்கம். எனக்குச் சுருதி பிடிபடாது, அவருக்குப் பொறுமை அதிகம், கலியாணத்தில் முடிந்தது. நிலத்தடி ரயில் ஓட்டினார். ரயில் ஓட்டுகிறவனுக்குக் கார் எதற்கு என்று, கடைசிவரை ஒரு கார் வாங்காத மனிதர். சனிக்கிழமைகளில் சின்ன வானொலி ஒன்றில் பேசுவார். ஒஸ்லோவில் இருந்த ஆபிரிக்கர்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பார்கள்.

ஒருநாள் அவர் சொன்ன கதைதான் அவரை ஊரறிய வைத்தது. ஒரு விழாவுக்குப் போனாராம். வாசலில் நின்றவர் மண்டபம் நிறைந்துவிட்டது என்றாராம். பின்னால் வந்தவர்களோ சிரித்துக்கொண்டு உள்ளே போனார்களாம். அவ்வளவுதான். எந்த மண்டபம், வாசலில் நின்றது யார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஊர்வலத்தில் அந்த வாசகத்தை மட்டைகளில் எழுதிப் பிடித்தார்கள். பிறகு வேலை கிடைக்காதவன், வாடகைக்கு வீடு கிடைக்காதவள், எல்லாருமே அதைச் சொன்னார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை றெபேக்கா வெஸ்ட்லியில் என் வீட்டுக்கு வந்தாள். குழுவின் தலைவி ஹோடன் அப்பாவின் பக்கம்தானாம். ஆனால் அந்த வாசகத்தைப் படத்துக்குக் கீழே போடுவதென்றால் அது நடந்த இடம் தெரியவேண்டுமாம். தெரிந்தால் அப்பாவுக்குத்தான் இடம். இப்போதைக்கு 'ஒரு நோர்வேஜிய மண்டபத்தின் வாசலில்' என்று எழுதி வைத்திருக்கிறார்களாம்.

"என்னால ஒண்டும் கதைக்கேலாது அம்மா. நான் இன்ஹபீல். அப்பான்ர பேர் வந்தா எழும்பி வெளியில போகவேணும். உங்களைத்தான் கூப்பிட்டுக் கேப்பினம்."

சொந்தக்காரரின் விஷயம் வந்தால் வாயை மூடிக்கொண்டு வெளியேற வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். நம்முடைய சங்கங்களில் அதைக் கொண்டுவந்தால் கூட்டம் நடத்த ஆளே மிஞ்சாது.

போகும்போது அலுமாரியில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தாள். ஆறு வயதுப் பிள்ளை, பட்டுப்பாவாடை, கையில் பன்னீர்ச்செம்பு. "அப்பா வேட்டி கட்டின ஒரே நாள். நான் பன்னீர் தெளிச்சன். கார் நிப்பாட்டிப்போட்டு வாறன், நீ வடிவாத் தெளி எண்டு சிரிச்சுக்கொண்டு போனவர். அவரை நினைச்சா எனக்கு எப்பவும் அதுதான் வரும்," என்றாள். நான் தேத்தண்ணி வைக்கிற சாட்டில் குசினிக்குள் போனேன்.

ஏனென்றால் எமானுவேல் வானொலியில் சொன்னதும் அந்த நாளைத்தான்.

அண்ணனின் மகள் அபிஷா பெரியபிள்ளையானதற்கு எடுத்த சாமத்தியவீடு அது. ட்வெய்ட்டாவில் ஒரு மண்டபம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நான் மாமி, காலையிலேயே றெபேக்காவையும் கூட்டிக்கொண்டு போய் அபிஷாவுக்குச் சேலை உடுத்திக்கொண்டிருந்தேன். அழைப்பிதழில் குடும்ப சமேதராய் என்று இருந்தது. எமானுவேல் அதை நம்பினார். எங்கள் கலியாணத்துக்கு வராத மச்சான் மனம் மாறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டார். முறைப்படி அவர் அபிஷாவுக்கு மாமா. மேடையில் அவருக்கு ஒரு கதிரை இருக்கவேண்டும். பாவம் மனுஷன், வேட்டி கட்டப் பழகி, வேலை முடிந்து குளிர்ச் சப்பாத்தும் வேட்டியுமாக ரயிலில் வந்து இறங்கினார். வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு, முறைப்படி, பிள்ளையின் தகப்பன் நின்றான்.

தமிழர் வீட்டு விசேஷத்தில் மண்டபம் நிறைந்துவிட்டது என்று யாராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? கதிரை முடிந்தால் சுவரோரம் நிற்போம். சுவர் முடிந்தால் படிக்கட்டில் இருந்து சாப்பிடுவோம். அண்ணன் தன் வட்டத்தில் எமானுவேலுக்கு வைத்திருந்த பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். வாசலில் மரியாதையாகத்தான் சொன்னானாம், நோர்வே மொழியில்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார். அண்ணனிடம் போய்க் கிழிக்கிறேன் என்று நான் துள்ளினேன். அவர் விடவில்லை. பிள்ளை ஒன்றையும் கவனிக்கவில்லை என்றார். "அவளுக்கு ஒரு மாமா இருக்கட்டும், புளோறன்ஸ். பெயர் வேண்டாம்." அந்த ஒரு சொல்லுக்காக இத்தனை வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணனும் றெபேக்காவை நன்றாகத்தான் பார்த்தான். தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போனான், தகப்பன் செத்தபின் அவள் கலியாணத்தில் கைபிடித்துப் பீடம்வரை நடந்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அதே அண்ணன் தொலைபேசியில். தமிழ்ச்சனத்தின் சார்பில் தானும் வந்து எங்கள் மச்சானுக்காகக் கதைக்கப்போகிறானாம். அண்ணை, அது எந்த மண்டபம் என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"பிள்ளை, வெள்ளையள் கறுப்பரை ஒதுக்கின கதைக்குத்தான் அந்தச் சுவர். தமிழன் ஒதுக்கினவன் எண்டு சொன்னியோ, மச்சான்ர படம் உள்ளறைக்குத்தான் போகும். வாசல்ல ஒரு வெள்ளைக்காரன் நிண்டவன் எண்டு சொல்லிவிடு. ஆருக்கு நட்டம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறான். ஆனால் அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதுதான் என்னை வதைத்தது. உண்மையைச் சொன்னால் எமானுவேலுக்குச் சுவர் போகும், மகளுக்கு மாமா போவான், தகப்பனைப் பற்றி அவள் வைத்திருக்கிற அந்த ஒரு சிரிப்பும் போகும். பொய் சொன்னால் எல்லாம் இருக்கும். எமானுவேல் வானொலியில் ஒரு பெயரை மறைத்தார், ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு பொய்க்கு மேலே அவரை ஆளுயரத்தில் நிறுத்திவிட்டு நான் எந்த முகத்தோடு எதிரே நிற்பது?

புதன்கிழமை குறொன்லாண்டுக்குப் போனேன். அண்ணன் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக எனக்கு முதலே வந்திருந்தான்; குடும்பத்தில் ஒருவர் போதும் என்று அவனை வெளியே இருத்திவிட்டார்கள். எமானுவேலின் பெயர் எடுத்ததும் றெபேக்கா எழும்பி வெளியே போய், கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் மாமனுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஹோடன் சோமாலியப் பெண், முக்காடு போட்டவள், சுற்றி வளைக்காமல் கேட்டாள்: அந்த வாசலில் நின்றது யார்?

தமிழர்கள் என்றேன். எங்கள் குடும்பத்து விழா, என் சொந்தம் என்றேன். பெயர் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

கால்பந்து வீரருக்காகப் பேசிவந்த இளைஞன் உடனே பிடித்துக்கொண்டான். அப்படியென்றால் இது வேறு கதை, இது முன்சுவருக்குச் சரிவராது என்றான். ஹோடன் முன்னால் இருந்த தாள்களை மூடி வைத்தாள். பிறகு, தன் அக்கா ஒரு கானாக்காரரை விரும்பியபோது தன் தகப்பனும் இப்படித்தான் வாசலில் நின்றார் என்றாள். போடுவதென்றால் உண்மையைத்தான் போடவேண்டும், 'ஒரு தமிழ்க் குடும்ப விழாவின் வாசலில்' என்று. உங்கள் குடும்பம் அதைத் தாங்குமா என்று என்னைக் கேட்டாள்.

தாங்காது என்று எனக்குத் தெரியும். போடுங்கள் என்றேன். கை தூக்கினார்கள். அந்த இளைஞன் மட்டும் தூக்கவில்லை.

வெளியே வந்து அப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றேன். றெபேக்கா என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அண்ணன் அவள் தலையைத் தடவிக்கொண்டு, தான் சொன்னபடி செய்தது நல்லதாய்ப் போயிற்று என்றான். நான் பொய் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டான். றெபேக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது எந்த மண்டபம் அம்மா என்று கேட்டாள். நாளைக்கு அந்த வாசகம் அவள் மேசைக்குத்தான் வரும். ஒளிக்க இடமில்லை.

"ட்வெய்ட்டா. அபிஷான்ர சாமத்தியவீடு."

அவள் தலையில் இருந்த கையை அண்ணன் எடுத்துக்கொண்டான். றெபேக்கா சிரித்தாள். "இல்லையம்மா, அண்டைக்கு நானும் மாமாவும்தானே வாசல்ல நிண்டனாங்கள். அப்பா வந்தவர், நான் பன்னீர் தெளிச்சனான். கார் நிப்பாட்டப் போறன் எண்டு…"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமனைத்தான் பார்த்தாள்.

"மாமா," என்றாள், "எங்களிட்டக் கார் இருந்ததே இல்லை."