மில் நிற்கும் நேரத்தில் ஒட்டிய சில்லு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் கற்பனையில் பிடிக்கவில்லை, இடுப்பில் பிடித்தேன். மாங்குளத்துக்கு இரண்டு மைல் கட்டை தள்ளி எங்கள் ஒழுங்கை. அடுத்த வளவுச் சுதாஜினி ஒரு சனிக்கிழமை, பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வெல்டிங் மிசின் வாங்கி வந்தார். துருப்பிடித்த பெட்டி. இறக்கும்போது ஒரு பக்கம் நான் தூக்கினேன். இடுப்புப் பிடித்துக்கொண்டது. கட்டிலில் கிடந்தபடி எழுதத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "போரில் கணவனை இழந்த சுதாஜினி, துருவேறிய அந்த இயந்திரத்தைக் கண்ணீரோடு தடவி..."

மெல்ல எழும்பிப் போய் வேலிக்கு மேலால் வாசித்துக் காட்டினேன்.

"என்ன அண்ணை விசர்க்கதை? இவர் குசினியில தேத்தண்ணி ஊத்துறார். ஆளை ஏன் சாக்காட்டினனீங்கள்?"

"நான் செத்திட்டனாமோ?" என்று உள்ளே இருந்து கணவன் பிரதாபன் கேட்டார்.

வெட்கமாகப் போய்விட்டது. வன்னிக் கதை என்றால் முதல் பந்தியிலேயே ஒரு சாவு விழவேண்டும் என்று கை பழகிக் கிடக்கிறது. அந்த வசனத்தை அப்படியே பாதியில் விட்டுவிடுகிறேன்.

2

அவர்களுக்கு அழ நேரமில்லை. வியாழக்கிழமை குளத்துத் தண்ணீர் திறப்பதென்று சிறுபோகக் கூட்டத்தில் முடிவாகியிருந்தது. சேற்று உழவுக்கு லான்ட்மாஸ்ரர் என்ற கை உழவு மிசினில் பூட்டும் இரும்புச் சக்கரம், அந்தச் சில்லில் மூன்று கம்பிகள் அறுந்துவிட்டன. தண்ணீர் வரும் தங்கள் முறை நாளில் உழாவிட்டால் இந்தப் போகம் வயல் சும்மா கிடக்கும். வெல்டிங் ஒட்டுகிற கடைகளில் ஊர்ச் சில்லெல்லாம் அடுக்கிக் கிடந்தது. வெள்ளிக்கு முன் ஏலாது என்றார்கள்.

[ஒரு சந்தேகம். சுதாஜினிக்கு ஒட்டத் தெரியும் என்றால் வாசகர் நம்புவாரா? கலியாணத்துக்கு முன் ஓமந்தையில் இரும்புக் கேற் செய்யும் பட்டறையில் நாலு வருடம் ஒட்டியவர். நம்பாதவர்கள் நேரே போய்க் கேளுங்கள். நான் பக்கத்தில் நிற்கமாட்டேன்.]

3

ஞாயிறு பெட்டியைத் திறந்து தூசி தட்டி, நாள் முழுக்க வெயிலில் காயவிட்டார்கள். வெடித்த வயர்களை மாற்றினார்கள். மெயின் சுவிச்சிலிருந்து தடித்த வயர் ஒன்றைத் தனியாக இழுத்தார்கள். திங்கள் போட்டுப் பார்த்தால் வெல்டிங் குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. குச்சி ஈரமாக இருக்கும் என்று பிரதாபன் அதை அடுப்படியில் காயவைத்தார். காய்ந்த குச்சியும் ஒட்டிக்கொண்டது.

"மிசின் செத்துவிட்டது" என்று எழுதினேன். சுதாஜினி அந்த வரியை என் பேனையாலேயே வெட்டினார்.

"சும்மா இருங்கோ அண்ணை. பக்கத்து மூடியையும் ஒருக்காக் கழட்டிப் பாப்பம்."

மூடிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இடித்தெடுத்தால் அடியில் ஒரு செப்புத் தகடு, 400 வோல்ற் என்ற இலக்கத்தில் முறுக்கிப் பூட்டிக் கிடந்தது. ஏதோ பெரிய பட்டறையில் ஓடிய மிசின்போல. வீட்டுக்கு வரும் கரண்டோ 230. சுதாஜினி தகட்டைக் கழற்றி 230இல் பூட்டினார்.

4

வெற்றி! என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.*

* அவசரம். செவ்வாய் பொறி வந்தது உண்மை. இரண்டு விரலளவு ஓடி அணைந்தது. பிறகும் அப்படித்தான்.

புதன் காலை. நாளைக்குத் தண்ணீர். பிரதாபன் கதிரையில் இருந்தபடி சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வேலியைச் சுற்றிப் போய்ப் பக்கத்தில் நின்றேன், சத்தியமாகக் கதைக்காக அல்ல. சுதாஜினி முகட்டைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, ஃபான் ஏன் சோம்பலாச் சுத்துது?"

"மில் ஓடுதெல்லே. மில் ஓடேக்க எப்பவும் இப்பிடித்தானே..."

பிரதாபன் வசனத்தை முடிக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒழுங்கை முனை அரிசி மில் எங்கள் எல்லோருடைய கரண்டையும் குடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்கு நிற்கும். முக்கால் மணித்தியாலம்.

பன்னிரண்டரை. மில் சத்தம் நின்றது. ஃபான் விறுவிறென்று சுற்றத் தொடங்கியது. சுதாஜினி முகமூடியை இறக்கினார்.

"அங்கால திரும்புங்கோ அண்ணை, கண் போகும்!"

திரும்பி நின்றேன். சர்ரென்ற சத்தம் அறாமல் ஓடியது. சுவரெல்லாம் நீல வெளிச்சம். முதல் கம்பி. இரண்டாவது. மூன்றாவது. கடைசிக் கசடைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தபோது ஒட்டு ஒழுங்காக மினுங்கியது.

"ஒட்டிப்போட்டாய் சுதா! ஒட்டிப்போட்டாய்!" பிரதாபன் துள்ளினார். நானும் துள்ளினேன். இடுப்பு நினைவிலேயே இல்லை. மில் மறுபடி ஓடத் தொடங்கியபோது நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

5

முடிவு (அ): வயல் நடுவில் சில்லு உடைகிறது. [இலக்கியக்காரருக்குப் பிடிக்கும். சுதாஜினி வெட்டிவிட்டார்: "எங்களை அழப்பண்ணாட்டி உங்களுக்குச் சரிவராதோ?"]

முடிவு (ஆ): மாலை வெயிலில், சேற்றில், இருவரும் கைகோர்த்து [பிரதாபன் வெட்டியது: "எனக்கு வெக்கமாக் கிடக்கு."]

நடந்தது இதுதான்: வியாழன் தண்ணீர் வந்தது. பொழுதுபடுமுன் வயல் முழுக்க உழுதாயிற்று. சில்லு அசையவில்லை.

அதோடு கதை முடிந்ததென்று நினைத்தேன். எங்கே! ஒழுங்கைச் சனம் உடைந்த கேற், சைக்கிள் கரியர், மண்வெட்டி என்று கொண்டுவந்தபடி இருக்கிறது. ஆகவே முடிவை நான் எழுதவில்லை. இந்தக் கதைக்குப் பொருந்துகிற முடிவு உங்களிடம் இருந்தால், முறிந்ததென்றாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். பன்னிரண்டரைக்குச் சரியாக வந்துவிடுங்கள். சுதாஜினி மில்லுக்குத்தான் காத்திருப்பார், உங்களுக்கு அல்ல.