வளர்பிறையில் வெட்டிய பெஞ்சு

என் புதுத் தோட்டத்தில் உட்கார இடமில்லை என்பதுதான் எனக்கும் நிகோலாசாவுக்கும் நடுவில் இருந்த ஒரே தடை. எனக்கு எழுபத்திரண்டு வயது, அவளுக்கு அறுபத்தாறு. இரண்டு பேரும் துணையை இழந்தவர்கள். அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. எங்கள் மலைப்பக்கத்தில் அந்த மாதிரிக் கேள்வியை நிற்கவைத்துக் கேட்க முடியாது. முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். பிறகு காபி. பாதிக் கோப்பை காலியான பிறகுதான் வாயைத் திறக்கலாம். வீட்டுக்குள் கூப்பிட்டால் ஊர் பேசும். சாலையில் போகிறவர்கள் பார்க்கும்படி தோட்டத்தில் உட்கார்ந்தால் யாரும் பேசமாட்டார்கள். நின்று பார்ப்பதோடு சரி.

தோட்டம் போட்டு மூன்று மாதம். நாலு வாழை, ஒரு எலுமிச்சை, ஒரு பாத்தி மரவள்ளி. மண்ணைப் பற்றி மட்டும் எச்சரித்துவிடுகிறேன்: பல் குத்திய குச்சியை அங்கே போடக் கூடாது. நான் போட்டேன். இப்போது அதில் ஒரு ஆந்தை குடும்பத்தோடு இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நிகோலாசா வந்தாள். சமையலறை நாற்காலியைத் தூக்கி வந்து போட்டேன். புதிதாகக் கொத்திய மண்ணல்லவா, அவள் உட்கார்ந்ததும் நாலு காலும் சத்தமில்லாமல் இறங்கின. காபி ஆறுவதற்குள் அவள் முழங்கால் முகவாயைத் தொட்டுவிட்டது.

“ஹசிந்தோ, என்னை உக்காரச் சொன்னியா, புதைக்கப் போறியா?”

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். நாற்காலியை இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்” என்றாள், பாவாடையை உதறிக்கொண்டே. “அப்பவும் இதே கூத்துன்னா நான் பாட்டுக்கு சாந்தியாகோவுல என் மக வீட்டோட போயிடுவேன். அவ வருஷக்கணக்கா கூப்பிடறா.”

ஆழமாகக் கால் நட்டுப் பலகை அறைந்த பெஞ்சு ஒன்றுதான் வழி. வேலிக்கு வைக்கிற சீமைக்கிளுவையில் நாலு கொம்பு கேட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கே இருப்பவன் நிகோலாசாவின் தம்பி புருதென்சியோ. நிலாவைக் கேட்காமல் நகம்கூட வெட்டமாட்டான்.

“யோவ், இப்ப வளர்பிறை. வேலிக்குன்னா வெட்டிக்கோ. பெஞ்சுக்குன்னா தேய்பிறை வரட்டும். இல்லேன்னா துளுத்துரும்.”

“தேய்பிறைக்கு எத்தனை நாளிருக்கு?”

“பன்னண்டு.”

“உங்க அக்கா வர நாலு நாள்தான்யா இருக்கு!”

“அதுக்கு நிலா என்ன பண்ணும்? உன் அவசரம் அதுக்குத் தெரியுமா?”

வெட்டினேன். புதன்கிழமை நட்டு, பழைய கோழிக்கூட்டுக் கதவை மேலே அறைந்தேன். முழங்கால் உயரம், அசையவில்லை. வியாழன் காலையில் கால்களில் பச்சை மொட்டு. வெள்ளிக்கிழமை பெஞ்சு இடுப்பளவுக்கு வந்திருந்தது. இலையைக் கிள்ளினேன், கிள்ளிய இடத்தில் இரண்டாக வந்தது. சம்மட்டியால் தலையில் அடித்தேன். வேர் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை மழை வந்தபோது அதன் கீழேதான் ஒதுங்கினேன். புருதென்சியோ வேலிக்கு அந்தப்பக்கம் சிரித்த சிரிப்பில் அவன் கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மஞ்சள் உடுப்பும் கோயில் தொப்பியுமாக வந்தாள். பெஞ்சு என் வாழைத்தார் உயரத்தில் இருந்தது. சுற்றிலும் ரோஸ் நிறத்தில் பூத்தும் விட்டது.

“இது என்ன?”

“பெஞ்சு.”

“பெஞ்சா? பரண் மாதிரி இருக்கே.”

“இந்தத் தடவை கீழ இறங்காது. அதுக்கு நான் பொறுப்பு” என்று பெஞ்சில் ஏணியைச் சாத்தினேன்.

சாலையில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் நின்றுவிட்டன. நிகோலாசா பெஞ்சை மேலும் கீழும் பார்த்தாள். என்னையும் அப்படியே பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி, வேடிக்கை பார்க்க வேலி தாண்டி வந்திருந்த தம்பி கையில் கொடுத்தாள்.

“ஏணியைப் பிடிடா.”

அவள் முன்னால் ஏறினாள். நான் காபிக் குடுவையோடு பின்னால். மேலே நல்ல காற்று. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது, புகையிலைக் கொட்டகைகள், மாதா கோயில், அவள் வீட்டுத் தகரக் கூரை.

“அடப்பாவி, கூரையில இவ்வளவு பெரிய ஓட்டையா? அதான் கட்டில் மேலேயே ஒழுகுது!”

அவள் கோப்பை பாதியானது. கேட்டேன்.

“நிகோலாசா, மக வீட்டுக்கெல்லாம் போகாம, இங்கேயே என்கூட இருந்துடறியா?”

அவள் காபியை ஊதினாள். அது ஆறிப்போன காபி. கீழேயிருந்து புருதென்சியோ கத்தினான்.

“அக்கா! பெஞ்சு ஏறுது! ஏணிக்கு மேல ஒரு முழம் போயாச்சு! இறங்கறதுன்னா இப்பவே இறங்கு, அப்புறம் முடியாது!”

நான் மூச்சு விடவில்லை. விட்டால் அந்தக் காற்றுக்கே மரம் இன்னும் வளர்ந்துவிடும். அது நியாயமான போட்டியாக இருக்காது.

நிகோலாசா குனிந்து ஏணியைப் பார்த்தாள். காபியை அடிவரை குடித்தாள். கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து.”

பிறகு கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்: “டேய், அந்த ஏணியை எடுத்துட்டுப் போய் என் கூரை ஓட்டையை அடைச்சு வை! ஒழுகற வீட்டுக்கு எவன் வாடகைக்கு வருவான்?”

அவன் அக்காவின் தொப்பியைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு ஏணியைத் தோளில் எடுத்தான். அப்புறம் முகமெல்லாம் பல்லாக அண்ணாந்து பார்த்தான்.

“சரி மச்சான், கெட்டியா உக்காந்துக்கோங்க!” அதுவரைக்கும் அவன் வாயில் எனக்கு யோவ்தான்.

மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டார்கள். கல்யாணம் மேலேயே நடந்தது. பாதிரியாரை வாழைத்தார்க் கூடையில் உட்காரவைத்துக் கயிறு போட்டு இழுத்தோம். மந்திரத்தை ஏறும்போதே பாதி சொல்லி முடித்துவிட்டார்.

தேய்பிறை பிறந்ததும் பெஞ்சு வளர்வதை நிறுத்தியது. விருந்தாளிகளுக்காக, அதே கயிற்றில் கீழே இறங்கி, முறைப்படி தேய்பிறையில் வெட்டி, இன்னொரு பெஞ்சு போட்டேன். துளிர்க்கவில்லை, அசையவில்லை, தரையோடு ஒழுங்காக இருக்கிறது. வருகிறவர்கள் அதன்மேல் ஏறி நின்று, மேலே இடம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.