பத்தொன்பது கிலோமீட்டர், பக்கம் தெரியவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் போனது வண்டி வாங்க, கதை வாங்க அல்ல. விற்காமல் வீட்டில் மக்கிக்கொண்டிருக்கும் என் புத்தகக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக, பின்னிருக்கையை மடித்தால் தட்டையாகப் படுத்துவிடுகிற நீளமான ஸ்டேஷன் வேகன் ஒன்று தேவைப்பட்டது. விளம்பரம் பார்த்தேன், போன் செய்தேன், சனிக்கிழமை காலை போய் நின்றேன்.

அந்த வீட்டில் வேகன்கள் இரண்டு. இருபத்திரண்டு வயதான பழையது தகரக் கொட்டகை நிழலில், உறை போர்த்தி, மகாராஜா மாதிரி நின்றது. வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத புதியது வெளியே வெயிலில், கூரை முழுக்கக் காக்கை எச்சத்தோடு. எனக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது. விற்கப்போகிற வண்டிக்கு நிழல், வைத்துக்கொள்ளப்போகிற வண்டிக்கு வெயில். எந்த வீட்டில் இப்படிச் செய்வார்கள்?

நான் கண்ணால் கண்டவை கொஞ்சம். மூலை கடிபட்ட ஒரு நோட்டு, முன்னால் தள்ளியிருந்த ஓர் இருக்கை, என் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்த ஒரு கடை அட்டை (அதைக் கடைசியில் சொல்கிறேன்). மற்றதில் பாதி அந்த வீட்டம்மா வண்டியில் வரும்போது சொன்னது, பாதி என் சொந்தச் சரக்கு. எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். நேரில் பார்த்தவரை ‘அவர்’ என்பேன், நானாக இட்டுக்கட்டுகிறவளை ‘அவள்’ என்பேன். இரண்டும் எங்காவது கலந்தால் என்னைச் சந்தேகியுங்கள். நானே அப்படித்தான் செய்கிறேன்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லிஃப்ட்காரர் பழைய வேகனின் உறையை உருவி —

(வேண்டாம். முதல் வரியிலேயே ஒரு கணவன் தனியாக வண்டியெடுத்துக் கிளம்பினால், நீங்கள் உடனே ‘சின்னவீடு’ என்று தீர்ப்பெழுதிவிடுவீர்கள். அந்த வேலையை அவள் பார்த்துக்கொள்வாள்.)

வேகன் என்பது ஒரு குடும்பத்தின் நீட்சி —

(தூ. இப்படி எழுதித்தானே கட்டுக் கட்டாகக் கிடக்கிறது.)

அவளுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

சரி, இது நிற்கும். பல்செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றிக் காயவைத்து, அதற்கு ஏற்றபடி பல் கட்டுவாள். ஆளையே பார்க்காமல் வாயைப் படித்துவிடுவாள். இந்த ஆள் இடது பக்கமே மெல்லுகிறார், இந்த அம்மா தூக்கத்தில் பல்லை நறநறக்கிறாள், இது இருபது வருஷமாகப் பேனா கடிக்கிற வாய் என்று அச்சைக் கையில் எடுத்ததும் சொல்வாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் போகிற கட்டடம் ஒவ்வொன்றின் மெஷின் அறையிலும் ஒரு நோட்டு தொங்கும். கிரீஸ் வைத்தாலும் சரி, ஒரு போல்ட்டை முறுக்கினாலும் சரி, தேதி போட்டு எழுதியாக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. பழைய வேகனுக்கென்று ரெக்ஸின் அட்டை போட்ட நோட்டு. சக்கரத்துக்குக் காற்றுப் பிடித்தாலும் எழுதுவார், பக்கத்திலேயே மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் எழுதுவார். கையைத் துடைக்காமல் யாரும் அந்த நோட்டைத் தொட்டுவிட முடியாது.

புது வேகனுக்கு நோட்டு தேவையில்லை. அதுவே சொல்லிவிடும். கதவைத் திறந்தால், தெருமுனை தாண்டினால், எங்கேயாவது நின்றால், இரண்டு பேர் போனிலும் ‘டிங்’. அவள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. வந்த நாளிலிருந்து உபசாரம் கேட்கிறதாம். பழையதற்குப் பெயர் கல்லுளிமங்கன்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை.

“என்னங்க, புது வண்டி வெயில்ல காயுது. இந்தக் கிழத்துக்கு எதுக்கு நிழலு?”

“பழைய ரப்பரு, வெயில் பட்டா வெடிச்சிடும்மா. அது தாங்கும், இது தாங்காது.”

“இப்ப எங்க கிளம்பிட்டீங்க?”

“நாலு தெரு சுத்திட்டு வந்துடறேன். ஓட்டாமப் போட்டா பேட்டரி படுத்துடும்.”

“மாப்பிள்ளையைத்தான் எடுத்துட்டுப் போறது?”

“அதுக்கு என்ன கேடு, நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லிக்கொண்டே சாவியைச் சுழற்றினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதாதா?

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் நோட்டை எடுத்தாள். ஞாயிறுதோறும் ஒரே வரி: ‘காற்று பார்த்தது.’ பக்கத்தில் கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றின் எண்ணை அடுத்த ஞாயிற்றின் எண்ணிலிருந்து கழித்தாள். முப்பத்தெட்டு. அடுத்தது, முப்பத்தெட்டு. ஒன்றரை வருஷமாக முப்பத்தெட்டு, போகப் பத்தொன்பது, வரப் பத்தொன்பது. கடைசிச் சில வாரங்கள் மட்டும் நாற்பத்திரண்டு.

“நாலு தெருவா இது? நாலு ஊரு!” என்று கொட்டகைக்குள் வாய்விட்டே சொன்னாள்.

* இங்கே நீங்கள் கேட்பீர்கள்: மறைக்கிறவர் எண்ணை ஏன் எழுதினார்? இதை நானும் யோசித்தேன். அவர் பெண்டாட்டியிடம் பொய் சொல்லக்கூடியவர்தான். மெஷின் நோட்டில் பொய் எழுத அவருக்குக் கை வராது. ஒரு லிஃப்ட் நோட்டில் பொய் எழுதினால் யாராவது விழுந்து சாவார்கள் என்று முப்பது வருஷம் பயந்த கை அது. மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நோட்டை வைக்கும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. டிரைவருக்குப் பக்கத்து இருக்கை இரண்டு கிளிக் முன்னால் தள்ளியிருந்தது. உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் இடித்தது.

“கட்டையான பொம்பளை!” என்றாள்.

அந்த வாரம் முழுக்கக் குட்டையான பெண்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். பட்டறையில் கணக்கு எழுதுகிறவள் குட்டை. எதிர்வீட்டு டீச்சர் குட்டை. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, பாவம், எட்டிப் பிடித்துத்தான் ஜன்னலைத் திறப்பாள். அவளிடம் போய், “உங்க வீடு இங்கிருந்து பத்தொன்பது கிலோமீட்டர் இருக்குமா?” என்றுகூடக் கேட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்த கோபத்தில் பழைய வேகனை விற்பதாக விளம்பரம் கொடுத்தாள். கிளம்புகிற குதிரையையே விற்றுவிட்டால் சவாரி எங்கே போகும் என்று நினைப்பு.

4

கொஞ்சம் நிறுத்துகிறேன். எனக்கு இவள்மேலும் சந்தேகமாக இருக்கிறது.

இவளுக்கு ஒரு மகள். ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தான் விரும்பியவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நல்ல பையன், பேச்சு மரியாதையானது, நன்றாகச் சிரித்தான். அங்கேதான் வினை. அவன் சிரித்தபோது முன்பல் ஒன்று கட்டின பல் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது.

“தம்பி, அந்தப் பல்லு எங்க கட்டினீங்க?”

பையன் வெலவெலத்துப்போய், “இல்லீங்களே, என் பல்லுதான்” என்றான்.

அவ்வளவுதான். வாயில் இருக்கிற பல்லிலேயே பொய் சொல்கிறவன் வேறெதில் உண்மை பேசுவான் என்று இவள் பிடித்த பிடி. மகள் அழுதாள், கத்தினாள். கல்யாணம் இவள் இல்லாமல் நடந்தது. “இந்த வாசல்படி ஏறாதே” என்று இவள் சொன்னாள். மகள் ஏறவில்லை. அடுத்த மாதம் புது வேகன் வந்தது, அதற்கு இவள் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். கணவர் அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

(எனக்கே கோபம் வருகிறது. முதல்முறை மாமியார் வீட்டுக்கு வந்த பையன், கூச்சத்தில் ஒரு பல்லை மறைத்தான். அதற்கு இரண்டு வருஷமா?)

5

விளம்பரம் கொடுத்த மறுநாள் கல்லுளிமங்கனைத் துடைக்கப் போனாள். வாங்க வருகிறவர்கள் குறை சொல்லக் கூடாதே.

பின்னிருக்கையில், முன்னால் தள்ளியிருந்த இருக்கைக்கு நேர் பின்னே, மெத்தையில் இரண்டு பள்ளம். ஏதோ கனமான பொருளை வாராவாரம் ஒரே இடத்தில் வைத்து எடுத்த அச்சு. நோட்டையும் துடைத்துவைப்போம் என்று எடுத்தாள். ரெக்ஸின் அட்டையின் கீழ் மூலை நைந்து போயிருந்தது. எலியா என்று திருப்பிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எலி இல்லை. பட்டறைக்கு எடுத்துப்போய் பூதக்கண்ணாடியில் வைத்தாள். கீழே இரண்டு, பக்கத்துப் பக்கத்தில், அரிசி அகலம். மேலே பல் இல்லை, வெறும் ஈறு அழுத்தின மழுங்கல். எட்டு மாதம். அதிகம் போனால் ஒன்பது.

இரண்டு பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி, அவள் மகளுக்கு இருந்த அதே —

(இல்லை, இதை அடித்துவிடுகிறேன். பால்பல்லை வைத்து அப்படியெல்லாம் யாரும் சொல்ல முடியாது, அதுவும் இவள் சொல்ல மாட்டாள். உங்களை அழவைக்க ஆசைப்பட்டேன்.)

இடைவெளி எதுவும் தேவைப்படவில்லை. கட்டையான பொம்பளை காணாமல் போனாள். அந்த இடத்தில் குழந்தை இருக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. அதற்கு இடம் விடத்தான் முன்னிருக்கையைத் தள்ளியிருக்கிறார். முப்பத்தெட்டு என்றால் மகளைப் பார்த்துவிட்டு வருவது. நாற்பத்திரண்டு என்றால் குழந்தையை ஏற்றிச் சுற்றிக்காட்டிய நாள். அழுதிருக்கும், கையில் அகப்பட்ட நோட்டைக் கொடுத்திருப்பார். கையைத் துடைக்காமல் யாரும் தொடக் கூடாத நோட்டை.

முதலில் வந்தது ஆத்திரம்தான். என்கிட்ட மட்டும் மறைத்துவிட்டாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. தனக்குப் பேரனா பேத்தியா என்பதுகூடத் தெரியவில்லை. அப்புறம், அவர் ஏன் மறைத்தார் என்று நினைத்தாள். சொல்லியிருந்தால் தான் என்ன ஆட்டம் ஆடியிருப்போம் என்று அவளுக்கே தெரியும். மாவு படிந்த கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவரிடம் கேட்கவில்லை. படி ஏறாதே என்ற வாய், விலாசம் கேட்குமா?

6

இனி நடந்தது. இட்டுக்கட்டவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை நான் போனபோது கணவர் வீட்டில் இல்லை. எங்கோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். அந்த அம்மாதான் சாவி கொடுத்தார். ஜன்னல் திண்டில் மாவுப் பற்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நான் பழைய வண்டி வாங்கிப் பட்டவன், எல்லாவற்றையும் கிண்டுவேன். பின்தளத்து மூடியைத் தூக்கி ஸ்டெப்னியைப் பார்த்தேன். சக்கரத்தின் அடியில் ஒரு பஞ்சர் கடையின் அட்டை கிடந்தது. ரயில்வே கேட் அருகில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் என்று அதில் விலாசம். ஏனோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நோட்டைப் புரட்டியபோது ஒரு ஞாயிறு இப்படி இருந்தது: ‘வழியில் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றியது. கிளம்பி 17 கி.மீ.’

“ஓட்டிப் பாருங்க தம்பி, நானும் வரேன்” என்று பக்கத்தில் ஏறினார். முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளிவிடலாம் என்று நான் குனிந்தேன்.

“வேணாம். அது அப்படியே இருக்கட்டும்.”

இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் மேலே உள்ள அத்தனையும் முளைத்தது. தெருவைத் தாண்டுவதற்குள், “ஒரு பொண்ணு இருக்கா. பேச்சுவார்த்தை இல்ல” என்றார். அப்புறம் நோட்டின் மூலையைத் தடவிக்கொண்டே மெதுவாக எல்லாம் சொன்னார். பட்டறை, நர்ஸ், பூதக்கண்ணாடி.

நாலு ரோடு சந்திப்பில் வண்டியை மெதுவாக்கினேன். “எந்தப் பக்கம்மா?”

“பத்தொன்பது கிலோமீட்டர் போகணும் தம்பி. எந்தப் பக்கம்னுதான் தெரியல.”

எனக்கு இப்போதுதான் விளங்கியது. இவருக்கு வண்டியை விற்கிற எண்ணமே போய்விட்டது. இந்தக் கியர் வண்டி இவருக்கு ஓட்ட வராது. புதியதை எடுத்தால் கணவர் போனில் ‘டிங்’. ஒரு டிரைவர் வேண்டும், வாய் பேசாத ஒரு வண்டி வேண்டும். விளம்பரத்துக்கு வந்த ஏமாளி நான்.

7

சந்திப்பில் பலகை இருக்கிறது. ரயில்வே கேட், இடது பக்கம். அங்கிருந்து, பதினேழு போக மீதி இரண்டு கிலோமீட்டர் போய்த் தேடினால் கொடியில் குழந்தைத் துணி காயும் வீடுகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன?

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அட்டையைக் கொடுக்கிறேன், இவர் போகிறார், குழந்தை வாயைத் திறக்கிறது, நீங்களும் நானும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இன்னொன்று: அட்டையைக் கொடுக்கிறேன், கதவைத் திறப்பது அந்தப் பையன், பழக்கதோஷத்தில் சிரித்துத் தொலைக்கிறான். லிஃப்ட்காரர் ஒன்றரை வருஷம் வாராவாரம் கட்டிக் காப்பாற்றியதெல்லாம் ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறது. இன்னொன்று: நான் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் திருப்பி —

(அதை முடிக்க மனசு வரவில்லை.)

அதனால் கேட்டேவிட்டேன். “போய் என்னம்மா செய்யப் போறீங்க?”

“எத்தனை பல்லு வந்திருக்குன்னு மட்டும் பாத்துட்டு வந்துடறேன் தம்பி” என்றார். குரல் உடைந்துவிட்டது.

அட்டையை எடுக்கச் சட்டைப்பைக்குக் கை போனது. ஆனாலும் இந்தப் பாழாய்ப்போன சந்தேகம் விடுகிறதா? போன தடவையும் இவர் பல்லை மட்டும்தானே பார்த்தார்.

பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். அட்டை என் சட்டைப்பையில் இருக்கிறது. இந்த அம்மாவை எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு இப்போது உங்களுக்கும் தெரியும். சொல்லுங்கள், இடது இண்டிகேட்டரைப் போடட்டுமா?