மச்சானைக் கேட்டுச் சொல்றேன்

பட்டறையை விற்கப் போவதாக அக்கா புருஷன் சொன்னபோது, என் பங்கு என்னாகும் என்று கேட்டேன்.

"உனக்கு ஏது பங்கு? நீ சம்பளத்துக்கு வேலை பாத்தவன்."

இருவரும் சேர்ந்து கூரை போட்டு, இரும்பு கேட் செய்து பிழைத்த இடம் அது. வெல்டிங் வெளிச்சத்தில் என் பார்வை பாதி போய்விட்டது. இந்த வயதில் எவன் என்னை வேலைக்குச் சேர்ப்பான்? வேறு வழியில்லாமல் வழக்குப் போட்டேன்.

எழுத்தில் ஒன்றுமில்லை. அக்கா புருஷனிடம் பத்திரம் கேட்க யாருக்கு வாய் வரும்? எழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார் என் வக்கீல். ஆனால் கூட்டாளி என்று காட்ட, நான் லாபத்தில் பங்கு வாங்கியது மட்டும் போதாதாம், வேலைக்காரனுக்கும் அப்படிக் கொடுப்பதுண்டாம். வாடிக்கையாளரிடம் ஒருவர் கொடுத்த வாக்கு இருவரையும் கட்டுப்படுத்தியதா என்று கோர்ட் பார்க்குமாம். எனக்குத் தெம்பு வந்தது. விலை பேசியதெல்லாம் நான்தானே.

அதில்தான் மண் விழுந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எங்கள் வாடிக்கையாளர்களையே கூண்டில் ஏற்றினார். எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். விலையைக் குறைக்கச் சொன்னால், "மச்சானைக் கேட்டுச் சொல்றேன்" என்பேனாம்.

சொன்னேன்தான். அது நாங்கள் இருவரும் பேசி வைத்த தந்திரம். யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் உள்ளே போவேன். ஆளுக்கொரு டீ குடிப்போம். பிறகு வெளியே வந்து, மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை என்று உதட்டைப் பிதுக்குவேன். உள்ளே மச்சான் சிரிப்பை அடக்க, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார்.

என் முறை வந்ததும் கூண்டில் ஏறி இதையெல்லாம் சொன்னேன். அப்படி எதுவும் நினைவில்லை என்று மச்சான் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அக்கா பின்வரிசையில் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். என் பக்கம் பார்க்கவேயில்லை.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். ஒரே குடும்பம்தானே, பேசித் தீர்த்துக்கொள்ள அவகாசம் தருகிறேன், சம்மதமா என்று என்னைக் கேட்டார்.

பாழாய்ப்போன பழக்கம். கழுத்து தானாக மச்சான் பக்கம் திரும்பியது.

"மச்சானைக் கேட்டுச் சொல்றேங்க."

என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி மறுபடி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். மச்சான் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இதை நான் எந்தக் கோர்ட்டில் போய் நிரூபிப்பேன்?