புது டப்பாவில் பழைய ரோட்டர்

பல் டாக்டர் யாரையும் சுலபத்தில் நம்பமாட்டார். வலி இல்லை என்று நோயாளியே சொன்னாலும் இன்னொரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற மனிதர். "தன் நிழல் பின்னாடி வந்தாக்கூட யாருடா அதுன்னு கேப்பார்" என்பாள் அவர் மனைவி.

அவர் உயிரையே வைத்திருந்தது ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மேல். இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய கூரை, பேருக்கு ஒரு டிக்கி. மலையைத் தாண்டிக் கடற்கரை வரை அதில் போய் வரவேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. துணைக்கு மனைவியின் தம்பி வருவதாக ஏற்பாடு. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவன். வளர்த்தியால் எல்லோருக்கும் நெட்டை. அந்தக் காரில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையை இடிக்கும். அவனிடமும் அதே மாதிரிக் கார் ஒன்று இருந்தது. ஆனால் அது ஓடவில்லை. ஷெட்டில் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது.

வழியில் கெட்டுப்போகக்கூடிய சாமான்களை எல்லாம் டாக்டரே கடைக்குப் போய் வாங்கினார். ஃபேன் பெல்ட், ரப்பர் குழாய்கள், பிளக்குகள், அப்புறம் ரோட்டர். ரோட்டர் என்பது கட்டை விரல் அளவுத் துண்டு. இன்ஜினுக்குள் சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கு போடும். அது போனால் கார் வெறும் தகரம். எல்லாவற்றையும் ஸ்பேனர்களோடு நெட்டையிடம் கொடுத்து, "நீயே பையில அடுக்கு மாப்ள, உனக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலை" என்றார்.

நெட்டை ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காருக்கு அடியில் கிடந்தான். பையையும் அடுக்கிவைத்துவிட்டுப் போனான். அவன் போனதுதான் தாமதம், டாக்டர் பையைத் திறந்தார்.

ஸ்பேனர்கள் துணியில் சுருட்டி ஒழுங்காக இருந்தன. ரோட்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்தது பழைய ரோட்டர், நுனியில் கரி. பெல்ட் உறைக்குள் ஓடித் தேய்ந்த பெல்ட். குழாய்களும் அப்படியே. வெளியே புது டப்பா, உள்ளே பழைய சாமான்.

'செங்கல் மேல நிக்கிற காருக்குப் புது உயிர் வந்துடுச்சு போல' என்று நினைத்துக்கொண்டார். தன் காரின் பானட்டைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. திருடன் கிடைத்த பிறகு பொருளை யார் தேடுவார்?

மறுநாள் ஏதோ சாக்குச் சொல்லி நெட்டையின் ஷெட்டுக்குப் போனார். அவன் தன் காரின் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தான். இவரைக் கண்டதும் எதையோ துணிக்குள் சுருட்டினான்.

"என்ன மாப்ள, வண்டியை எழுப்பப் போறியா?"

"இது எங்க அத்தான் எழுந்திரிக்கப் போகுது? சும்மா நோண்டிட்டிருக்கேன்."

சும்மா நோண்டுகிறவன் எதற்கு மறைக்கவேண்டும்? டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார். முகத்துக்கு நேரே கேட்டால் பயணம் கெடும்; மனைவி வேறு தம்பி பக்கம் நிற்பாள். ஊருக்குத் திரும்பியதும் ஆதாரத்தோடு பிடிக்கலாம் என்று முடிவுசெய்தார். பழைய சாமான்களைக் கைக்குட்டையில் கட்டி, வீட்டின் முன்னறையில் இருந்த தன் கிளினிக்கில், பல் அச்சுகள் வைக்கும் அலமாரிக்குள் தள்ளினார். அதே கடையில் மறுபடி எல்லாவற்றையும் வாங்கி டப்பாக்களில் போட்டார். புறப்படும் வரை பை அவருடைய கட்டிலுக்கு அடியில் இருந்தது.

விடியலில் கிளம்பினார்கள். காற்று முகத்தில் அடித்தது. நெட்டை வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தான். 'அடுத்தவன் சாமானை அமுக்கிட்டு எப்படிடா இப்படிப் பாட்டு வருது' என்று டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மலை ஏற ஆரம்பித்ததும் இன்ஜின் இருமியது. இன்னும் இரண்டு திருப்பத்தில் நின்றேவிட்டது. ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்கள். நெட்டை பானட்டைத் தூக்கி, ரோட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தான்.

"ரோட்டர்தான் அத்தான். போன வாரம் போட்ட புதுசு, அதுக்குள்ள வாயைப் பொளந்துடுச்சு."

டாக்டர் குனிந்து எட்டிப் பார்த்தார். "புதுசா? இதுலயா போட்டே?"

"பின்ன? புதுசை எல்லாம் வண்டில மாட்டி நாலு நாள் ஓட்டிப் பார்க்கணும். ஓடிப் பழகின பழசைப் பையில வச்சுக்கணும். இப்ப வர்ற புது சாமானை நம்பி யார் மலையேறுவாங்க? பழசு பையில இருக்கு, ரெண்டே நிமிஷம்."

அவன் டப்பாவைத் திறந்தான். உள்ளே பளபளவென்று புது ரோட்டர். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் வச்சது இது இல்லையே! நீங்க ஏதாவது மாத்தினீங்களா அத்தான்?"

"எனக்கென்ன தெரியும்? பையை அடுக்கினது நீதானே" என்றார் டாக்டர். வாய்தான் சொன்னது, கண் வேறு பக்கம் போய்விட்டது.

வேறு வழியில்லாமல் அதையே மாட்டினார்கள். அதே கடை, அதே சரக்கு. கார் பங்க்கைத் தாண்டுவதற்குள் இருமி அடங்கியது. மறுபடி தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

நெட்டை மைல்கல்லில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தான். டாக்டர் தடுப்பதற்குள் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டான்.

"அக்கா, டூல் பையை யாராவது தொட்டாங்களா? பழைய ரோட்டரைக் காணோம்."

"எண்ணெய்ப் பிசுக்கோட ஏதோ சாமானாடா? உங்க அத்தான் பல் அலமாரில கட்டி வச்சிருக்கார். நல்ல கைக்குட்டை, பாழாப்போச்சு. என்னன்னு கேட்டா, 'சாட்சி'ன்னார்."

நெட்டை போனை இறக்கினான். "எதுக்கு அத்தான் சாட்சி?"

இனி மறைக்க ஒன்றுமில்லை. டாக்டர் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். நெட்டை கத்தவில்லை. டிக்கியின் மூலையிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்து அவர் மடியில் வைத்தான். உள்ளே, இன்ஜினுக்குப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்ப்.

"அன்னிக்கு ஷெட்ல நான் சுருட்டினது இதுதான். உங்க பம்ப் லேசா சத்தம் போட்டுது. சொன்னா நீங்க பயணத்தையே நிறுத்திடுவீங்கன்னு, என் வண்டிலருந்து கழட்டிட்டு வந்தேன். ரோட்டர் அதுல முன்னமே கிடையாது, இல்லேன்னா அதையும் எடுத்துட்டு வந்திருப்பேன்."

டாக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தான், முகத்தைப் பார்க்கவில்லை. பங்க்கில் வேலை செய்தவர்கூட, "ரெண்டு பேருக்கும் சண்டையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

போனில் எல்லாவற்றையும் கேட்டிருந்த மனைவி மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் அந்தக் கைக்குட்டை முடிச்சு, தோளில் ஒரு துணிப்பை. பழைய ரோட்டரை மாட்டியதும் இன்ஜின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. டாக்டர் நிம்மதியோடு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார்.

"சாவியை அவன்கிட்ட குடுங்க" என்றாள் மனைவி.

"ஏன்?"

"இருக்கிறது ரெண்டு சீட்டு. நான் கடலைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு! திருடனோட நானே போயிட்டு வரேன். உங்களுக்கு எதிர்ப்பக்கம் பஸ் வரும்."

டாக்டர் தம்பியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, "மாப்ள, மன்னிச்சுக்கடா" என்றார்.

"போயிட்டு வந்து பேசிக்கலாம் அத்தான்" என்றான் நெட்டை. ஆனால் அவன் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

கார் வளைவில் ஏறியது. நெட்டை ஏதோ சொல்ல, அக்கா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பது தெரிந்தது. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. இந்த ஒரு தடவை அவர் சந்தேகம் தப்பவில்லை.