இருபது மில்லி

எங்கள் பள்ளியில் அடிப்படை வேதியியலிலிருந்து உயர்நிலை வேதியியலுக்கு ஏற ஒரே படி, ஆண்டு இறுதி டைட்ரேஷன் சோதனை. அமிலம் எத்தனை மில்லி இறங்கியதும் நிறம் மாறியது என்று எழுதவேண்டும். வருடாவருடம் விடை இருபதுதான். அது எல்லாருக்கும் முன்பே தெரியும் என்பது ஆசிரியர் ஒருவருக்குத்தான் தெரியாது.

அதற்கான சோடாக் கரைசலைக் கலக்குவது உயர்நிலை மாணவர் ஒருவரின் பொறுப்பு. இந்த முறை என் அக்கா; ஆய்வகச் சாவியும் அவளிடம்தான். அந்த வகுப்பில் அவள்தான் முதல். வீட்டில் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறே போடுவார்கள். எனக்கும் அந்த வகுப்பு வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

அமிலம் நிரப்பிய பியூரெட் குழாயைத் திறந்தேன். கீழே குடுவையில் சோடாக் கரைசல் மஞ்சள், மஞ்சள், சட்டென்று இளஞ்சிவப்பு. 21.4. கழுவிவிட்டு மறுபடி செய்தேன். 21.4. மூன்றாவதும் அதேதான். பக்கத்து மேசைக்காரி பியூரெட்டை ஏறிட்டும் பார்க்காமல் மூன்று முறை 20.0 எழுதிவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

நானும் 2 போட்டுவிட்டேன். அதுவரை இரண்டு விடைக்கும் வித்தியாசமில்லை. அப்புறம் எரிச்சல் வந்தது. கண்ணால் பார்த்ததை எழுதக்கூடாதென்றால் எதற்கு இத்தனை கண்ணாடிச் சாமான்? 21.4 என்றே எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் என் தாளுக்கு வந்ததும் நின்றார். தானே பியூரெட்டை நிரப்பிச் செய்து பார்த்தார்.

"யாரு கலக்குனது இதை?"

"நான்தான் சார்," என்றாள் வாசலில் நின்ற அக்கா.

"சோடா கூடிப்போச்சு." ஆய்வகச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார். "நீ மேல் வகுப்புக்கு வா. மத்தவங்க எல்லாம் திரும்பச் செய்யுங்க."

சந்தோஷப்படத்தான் வேண்டும். அக்கா முகத்தைப் பார்த்தால் முடியவில்லை.

வழியில் அவளே ஆரம்பித்தாள். "எடை போடும்போதே கூட விழுந்துடுச்சு. பார்த்தேன். எப்படியும் எல்லாரும் இருபதுன்னுதானே எழுதப்போறீங்கன்னு விட்டுட்டேன்."

"எனக்கு இருபது வரலையேக்கா."

"நான் இந்தச் சோதனை செஞ்சப்போ எனக்கும்தான் வரல. பத்தொன்பதே கால். இருபதுன்னு எழுதினேன்."

இரண்டு வருடமாக இவளை எட்டிப் பிடிக்கத்தான் மாங்கு மாங்கென்று படித்தேன். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

வீட்டு வாசலில் என் கையைப் பிடித்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாதே."

"கேட்டா சொல்லுவேன்," என்றேன். "உன்னைப் பத்தித்தான் இங்க யாரும் சந்தேகமா ஒண்ணும் கேக்கறதே இல்லையே."